நடிகரும் தாய்மொழியும்: ஹங்கேரியின் யாவோர் பால்

சில ஆண்டுகளுக்கு முன் தலைநகரில் ஒரு சிறிய அரங்கில் பழைய ஹங்கேரியத் திரைப்படம் ஒன்றைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. 1931-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தப் படத்தின் பெயர் 'பணியாள் ஹிப்போலித்'. நாம் ஹங்கேரிய மொழி அறியோம். திரையின் அடியில் ஓடிய ஆங்கில வரிகளைப் படித்தே கதையைத் தொடர்ந்து சென்றோம். நமக்கு முன்வரிசையில் ஹங்கேரி நாட்டு மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். நகைச்சுவைக் கட்டம் வரும்போதெல்லாம் அவர் முதலில் சிரிப்பார். வரியைப் படித்து முடித்துவிட்டு நாம் பின்னர் சிரிப்போம். இரண்டு சிரிப்புகளுக்கும் இடையே இருந்தது ஒரு விநாடிதான். ஆனால் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டு அரசாங்க அலுவலகத்தில் இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு அந்த ஒரு விநாடி மனத்தை உறுத்தியது. பொருள் நமக்கு முழுமையாக வந்து சேர்ந்தது. எனினும் ஏதோ ஒன்று வழியில் நின்றுவிட்டது.

அந்தப் படத்தில் இளங்காதலனாக நடித்தவர் யாவோர் பால். தம் நாட்டில் ஈடு இணையற்ற புகழுடன் விளங்கி, பின்னர் தம் மொழி வழங்காத நாட்டில் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, இறுதியில் தாய்மண்ணுக்குத் திரும்பி வந்தவர் அவர். ஒரு நடிகர் தம் மொழியை விட்டு வெளியேறினால் அவருடைய கலையில் எஞ்சுவது எவ்வளவு என்னும் கேள்விக்கு அவருடைய வாழ்க்கை ஒரு விடையாக அமைந்திருக்கிறது. அவரைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஹங்கேரியர் குடும்பப் பெயரை முன்னும், சொந்தப் பெயரைப் பின்னும் வைத்து வழங்குவர். ஆகவே 'யாவோர்' என்பது குடும்பப் பெயர். 'பால்' என்பது அவருக்கு இட்ட பெயர். நாம் அருந்தும் பாலை உச்சரிப்பதுபோலவே இதனையும் நெடிலாக உச்சரிக்க வேண்டும். பிறந்தபோது அவருடைய குடும்பப் பெயர் யெர்மான் என்பதாக இருந்தது. யாவோர் என்பது மேடைக்காக அவர் ஏற்றுக்கொண்ட தூய ஹங்கேரியச் சொல். மேப்பிள் என்னும் மரத்தைக் குறிப்பது. இந்தப் பெயர்க் கதைக்கு நாம் மீண்டும் வரவேண்டியிருக்கும்.

ஹங்கேரிய மொழி ஐரோப்பாவின் நடுவில் இருப்பினும், அண்டையிலுள்ள ஜெர்மன், ஸ்லாவிய, ரோமானிய மொழிகளோடு உறவில்லாதது. அதன் சுற்றம் தொலைவில், பின்லாந்திலும் எஸ்டோனியாவிலும், ரஷ்யாவின் வடபுலத்திலும் இருக்கிறது. தமிழோடும் அதற்கு உறவு கிடையாது. ஆயினும் சொற்களை ஆக்கும் முறையில் ஓர் ஒற்றுமையைக் காணலாம். 'ஹாஸ்' என்றால் வீடு. 'ஹாஸக்போல்' என்றால் வீடுகளிலிருந்து. வீடு, கள், இலிருந்து என்று நாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டவைப்பதுபோலவே அவர்களும் ஒட்டவைக்கிறார்கள். சுற்றிலும் வேற்று மொழிகள் சூழ்ந்திருக்க, தனித்த ஒரு மொழியைப் பேசும் சிறிய மக்கட்கூட்டத்திற்கு நாடகமேடை வெறும் பொழுதுபோக்கன்று. மொழி உயிரோடிருக்கிறது என்பதை அவர்கள் கூட்டமாக அமர்ந்து காதால் கேட்டு உறுதி செய்துகொள்ளும் இடம் அது.

யாவோர் பால் 1902-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் அராத் என்னும் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். அந்நாளில் அராத் ஹங்கேரி அரசைச் சேர்ந்தது. முதல் உலகப் போரில் ஹங்கேரி தோற்றது. 1920-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் கையெழுத்தான திரியனோன் உடன்படிக்கையின்படி அந்நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரு பங்கு பிறநாடுகளுக்குச் சென்றது. அராத் ருமேனியாவின் நகரமாயிற்று; இன்றும் அவ்வாறே இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய இளைஞர் ஒருவருக்குத் தாம் பிறந்த ஊர் அயல்நாடாகிவிட்டது. எல்லைகள் மாறின, இலட்சக்கணக்கான ஹங்கேரியர் தாம் இருந்த வீட்டை விட்டு நகராமலே வேறு நாட்டின் குடிகளானார்கள். அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக எஞ்சியது மொழி ஒன்றே.

யாவோர் புடாபெஸ்டுக்கு வந்து நாடகப் பயிற்சி பெற்றார். 1920-களின் பெரும்பகுதி மாகாண நகரங்களின் குழுக்களிலும், தலைநகரின் சிறு மேடைகளிலும் கழிந்தது. முன்கோபமும் மதுப்பழக்கமும் அவருக்கு அந்நாளிலேயே பகையாக இருந்தன. பிற்காலத்திலும் அவை அவரை விட்டு நீங்கவில்லை. 1930-இல் புடாபெஸ்டின் புகழ்பெற்ற வீக்ஸீன்ஹாஸ் நாடகசாலை அவரைச் சேர்த்துக்கொண்டது. வீக்ஸீன்ஹாஸ் என்றால் இன்ப நாடகங்களின் இல்லம் என்று பொருள் கொள்ளலாம். 1935-இல் அவர் தேசிய நாடகசாலையின் உறுப்பினரானார். மாகாண மேடையில் தொடங்கிய ஒருவருக்கு இது பெரும் ஏற்றமாகும்.

ஆயினும் நாடறிந்த புகழை அவருக்குத் தந்தது பேசும் படமே. இங்கே ஒன்றைக் கருத வேண்டும். மௌனப் படக் காலத்தில் நடிகருக்கு நாட்டெல்லை இருந்ததில்லை. முகம் எங்கும் செல்லுபடியாகும் நாணயமாக இருந்தது. வார்க்கோனி மிஹாய் என்னும் ஹங்கேரிய நடிகர் அமெரிக்கா சென்று, 1927-இல் வெளிவந்த 'அரசர்க்கரசர்' என்னும் மௌனப் படத்தில் ஏசுநாதருக்குத் தீர்ப்பளிக்கும் பிலாத்துவாக நடித்தார். பேசும் படம் வந்தபின் அவருக்குச் சிறு வேடங்களே எஞ்சின. திரைக்குக் குரல் கிடைத்த அன்று, நடிகரைச் சுற்றி மொழி என்னும் வேலி எழுந்தது. வேலிக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அது பெரும் பேறாக அமைந்தது. தம் மொழியில், தம் உச்சரிப்பில், தம் ஊர்க்காரர் பேசுவதைத் திரையில் கேட்க ஹங்கேரிய மக்கள் திரண்டு வந்தார்கள்.

ஹங்கேரியின் முதல் முழுநீளப் பேசும் படமான 'நீல விக்கிரகம்' 1931-இல் வெளிவந்தது. அதன் கதாநாயகர் யாவோர். அந்தப் படம் வெற்றி பெறவில்லை. அதே ஆண்டின் இறுதியில் ஸேக்கெய் இஷ்த்வான் இயக்கிய 'பணியாள் ஹிப்போலித்' வந்தது. கதை எளியது. வண்டிகள் ஓட்டிப் பணம் சேர்த்த ஷ்னெய்தர் என்னும் வணிகரின் மனைவி, மேட்டுக்குடி வாழ்வில் மோகங்கொண்டு, பிரபுவின் மாளிகையில் பணி செய்த ஹிப்போலித் என்பவரை வீட்டுப் பணியாளாக அமர்த்துகிறாள். எசமானர் எப்படி உடுத்த வேண்டும், எப்படி உண்ண வேண்டும் என்று பணியாளே ஆணையிடத் தொடங்குகிறார். வணிகருக்கு உயிரான வெங்காயம்கூட உணவு மேசையிலிருந்து விலக்கப்படுகிறது. இறுதியில் ஷ்னெய்தர் துணிவு கொண்டு பணியாளை வெளியேற்றித் தம் வெங்காயத்தை மீட்டுக்கொள்கிறார். வணிகராகக் கபோஷ் ட்யூலாவும், பணியாளாகச் சோர்தோஷ் ட்யூலாவும், மகளின் காதலனாக யாவோரும் நடித்தனர். இன்றும் ஹங்கேரியர் விரும்பிப் பார்க்கும் படம் இது. முன்வரிசை மூதாட்டி நமக்கு முன்பே சிரித்தது இந்த வெங்காயக் கட்டத்தில்தான்.

அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் யாவோரின் காலம் எனலாம். நறுக்கிய மெல்லிய மீசை, சற்றே கரகரத்த குரல், நாடோடி இசைக்குழுவின் வயலினுக்கு இசைந்து பாடும் பாங்கு ஆகியவை நாடெங்கும் பரவின. இளைஞர்கள் அவரைப்போல் மீசை வைத்துக்கொண்டார்கள். 1938-இல் வந்த 'நோஸ்தி வீட்டுப் பிள்ளை' என்னும் படம் மிக்சாத் கால்மானின் நாவலைத் தழுவியது. அதில் கடனில் மூழ்கிய பெருங்குடி இளைஞனாக அவர் நடித்தார். அமெரிக்கா சென்று பெருஞ்செல்வம் ஈட்டித் திரும்பிய ஒருவரின் மகளை மணந்து கடனைத் தீர்க்கலாம் என்று கணக்கிடும் இளைஞன் அவன். 1939-இல் ஸிலஹி லயோஷின் நாவலைத் தழுவி வந்த 'மரண வசந்தம்' என்னும் படத்தில் காதலால் அழியும் இளைஞனாகத் தோன்றினார். கராதி கதலின் என்னும் நடிகை திரையில் அறிமுகமானதும் அதே படத்தில்தான். 1941-இல் பாட்டிசைத்துப் புகழ்பெற்ற நாடோடிக் கலைஞர் ஒருவரின் வரலாற்றைக் கூறும் 'தன்கோ பிஷ்தா' வெளிவந்தது.

இப்படங்களைப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. யாவோர் பலவேறு உருவம் எடுக்கும் நடிகரல்லர். பெரும்பாலும் ஒரே மனிதனையே அவர் நடித்தார்: அழகன், செருக்கன், செலவாளி, உள்ளுக்குள் துயரம் உடையவன். நிலத்தையும் பெருமையையும் இழந்த ஒரு நாடு தன்னைப் பற்றி எண்ண விரும்பிய உருவம் அது. அந்த உருவத்துக்கு உயிர் தந்தது அவர் பேசிய முறை. வாக்கியத்தை எங்கே நிறுத்துகிறார், எந்தச் சொல்லை விழுங்குகிறார் என்பவற்றை அம்மொழியில் பிறந்தவரே முழுதும் அறிவர்.

புகழ் உச்சியிலிருந்த அதே ஆண்டுகளில் நாட்டின் மேல் இருள் கவிந்தது. 1938-இல் நாடக, திரைப்படக் கலைஞர்களுக்கென ஒரு மன்றம் அமைக்கப்பட்டது. அதில் உறுப்பினராக இல்லாதவர் நடிக்க இயலாது. அவ்வாண்டு இயற்றிய சட்டம் யூதர்கள் அத்தகைய மன்றங்களில் நூற்றுக்கு 20 பேருக்கு மேல் இருத்தல் கூடாதென்றது. 1939-ஆம் ஆண்டின் சட்டம் அதனை நூற்றுக்கு 6 ஆகக் குறைத்தது. நாட்டையே சிரிக்கவைத்த கபோஷ் ட்யூலா யூதர். 1939-இல் அவர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். அங்கே குடியேறியிருந்த ஹங்கேரியர் நடுவில் நடித்துப் பார்த்தார். 1941-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 54. அவர் வணிகராக நடித்த படத்தைப் பார்த்துச் சிரித்த மக்கள் பலர், அவரை வெளியேற்றிய சட்டத்தை எதிர்த்து வாய் திறக்கவில்லை. ஓர் இனத்தவரின் நகைச்சுவையை ஏற்றுக்கொண்டு அந்த இனத்தவரை மட்டும் விலக்க முடியும் என்று ஒரு நாடு எண்ணியது.

யாவோர் யூதரல்லர், அவருடைய மனைவி ஓல்கா யூத வமிசத்தவர். 1934-இல் மணந்த அந்த அம்மையாருக்கு முன்மணத்தில் பிறந்த இரு குழந்தைகள் இருந்தனர். மனைவியைக் கைவிட்டிருந்தால் யாவோருக்கு எந்த இடரும் நேர்ந்திராது. அவ்வாறு செய்து தப்பியவர்கள் பலர் உண்டு. குடித்துவிட்டுக் கலகம் செய்பவர் என்று பெயரெடுத்த இம்மனிதர், இந்த ஒரு செய்தியில் சிறிதும் அசையவில்லை. 1944-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் நாள் ஜெர்மானியப் படைகள் ஹங்கேரிக்குள் புகுந்தன. அக்டோபரில் அம்புச்சிலுவைக் கட்சியினர் ஆட்சியைக் கைப்பற்றினர். யாவோர் கைது செய்யப்பட்டு, மேற்கெல்லையிலுள்ள ஷொப்ரோன்கோஹிதா சிறையில் அடைக்கப்பட்டார். எதிர்ப்பியக்கத் தலைவரான பய்ச்சி-ஜிலின்ஸ்கி எந்த்ரே 1944-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டது அதே சிறையில்தான். போர்முனை நெருங்கியபோது யாவோர் ஜெர்மனிக்குக் கொண்டு செல்லப்பட்டார். போர் முடிந்தபின் விடுதலை பெற்று நாடு திரும்பினார். தம் சிறை அனுபவங்களை 'ஒரு நடிகன் கூறுகிறான்' என்னும் நூலாக 1946-இல் வெளியிட்டார்.

சிறையிலிருந்து மீண்டவரை நாடு தலைமேல் வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும் என்று எண்ணுகிறோம். அவ்வாறு நிகழவில்லை. பழைய படங்களின் பெருங்குடி நாயகன் புதிய காலத்துக்கு ஒவ்வாதவனாகத் தோன்றினான். யாவோர் 1946-இல் வெளிநாட்டுப் பயணமாகப் புறப்பட்டு, ருமேனியாவிலுள்ள ஹங்கேரியர் முன்னிலையில் நடித்துவிட்டு, அமெரிக்கா சேர்ந்தார். சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 44.

அமெரிக்காவில் அவர் 'போல் ஜேவர்' ஆனார். குடும்பப் பெயர் பின்னால் சென்றது. சொந்தப் பெயர் முன்னால் வந்தது. எழுத்துகள் அவையே, ஒலி வேறு. அவரைப் பெயர் சொல்லி அழைப்பதே ஒரு மொழிபெயர்ப்பாகிவிட்டது. அங்கே ஹங்கேரியர் மிகுதியாகக் குடியேறியிருந்த ஊர்களில் நாடகமும் பாட்டுமாகச் சில காலம் சென்றது. நம்மில் பலர் பம்பாயிலோ, கல்கத்தாவிலோ, தில்லியிலோ தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழா அரங்கில் அமர்ந்து, ஊரிலிருந்து வந்த நாடகக் குழுவைக் கண்டு கண்கலங்கியிருக்கிறோம். அந்த ஒரு மாலையின் இன்பம் நமக்கு ஆண்டு முழுதும் போதுமானது. ஆனால் மேடையில் நின்றவருக்கு அது போதுமா என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. கூட்டம் கலைந்து வீடு செல்கிறது; அடுத்த கூட்டத்துக்கு நடிகர் பல நூறு மைல் செல்ல வேண்டும். நாடகத்துக்குப் புறம்பான சிறு வேலைகளையும் செய்து யாவோர் காலம் தள்ள நேர்ந்தது.

ஹாலிவுட் அவரை முற்றிலும் புறக்கணித்தது என்று கூறுவதற்கில்லை. 1951-இல் வந்த 'மாபெரும் கரூஸோ' என்னும் புகழ்பெற்ற இசைப்படத்தில் ஸ்கோத்தி என்னும் இத்தாலியப் பாடகராக ஒரு துணைவேடம் அவருக்குக் கிடைத்தது. 1952-இல் பாரிஸையும் புடாபெஸ்டையும் களமாகக் கொண்ட ஒற்றர் கதைப்படம் ஒன்றில் மற்றொரு சிறுவேடம் கிடைத்தது. தம் தலைநகரைப் பற்றிய கதையில், தம் மொழியல்லாத மொழியில், ஓரத்தில் நின்று சில வரிகள் பேசிச் சென்றார், ஒரு காலத்தில் அந்தத் தலைநகரின் சுவரெல்லாம் தம் முகத்தைக் கண்டவர்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஹாலிவுட்டில் வென்ற ஹங்கேரியர் எத்தனையோ பேர் இல்லையா? உண்டு. ஆனால் யார் யார் என்று பகுத்துப் பார்க்க வேண்டும். கெர்தேஸ் மிஹாய் என்பவர் மைக்கேல் கர்டிஸ் என்னும் பெயரில் 'காஸபிளாங்கா' படத்தை இயக்கினார். ரோஜா மிக்லோஷ் அமெரிக்கப் படங்களுக்கு இசையமைத்துப் பெரும் பரிசுகள் பெற்றார். இயக்குபவருக்குக் கண் போதும். இசையமைப்பவருக்குச் செவி போதும். நடிகர்களிலோ வென்றவர்கள் பெரும்பாலும் தம் அயல் உச்சரிப்பையே முதலாக வைத்தவர்கள். புடாபெஸ்ட் தேசிய நாடகசாலையில் நடித்த லுகோஷி பேலா 1931-இல் டிராகுலா என்னும் இரத்தம் குடிக்கும் பிரபுவாகத் தோன்றி உலகப் புகழ் பெற்றார். அந்தக் கனத்த உச்சரிப்பு அவரை உயர்த்தியது; பிறகு வேறு வேடத்துக்குப் போகவிடாமல் அவரைக் கட்டியும் வைத்தது. ஸகால் ஸோகே 'காஸபிளாங்கா'வில் அன்பு நிறைந்த உணவுவிடுதிப் பணியாளராக நடித்து நெஞ்சில் இடம் பெற்றார். இவர்களெல்லாம் அந்த நாட்டின் கதையில் அந்நியராகவே இருந்து வென்றவர்கள். கதாநாயகனாக மட்டுமே வாழப் பழகிய ஒருவருக்கு, 44 வயதில், அந்நியன் என்னும் வேடம் பொருந்தவில்லை.

வேற்றுமொழியை நாற்பது வயதுக்குமேல் கற்று அதில் கடைக்குச் செல்லலாம்; கடிதம் எழுதலாம்; ஏன், அலுவலகமும் நடத்தலாம். நாமே அதற்குச் சான்று. ஆனால் அதில் காதல் மொழி பேசிப் பிறரை நம்பவைக்க முடியுமா? ஒரு பெருமூச்சுக்குப் பின் எந்தச் சொல் வரவேண்டுமென்பதை அகராதி கூறாது. யாவோர் இழந்தது சொற்களையன்று. சொற்களுக்கு இடையிலிருந்த மௌனத்தை இழந்தார்.

1956-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் புடாபெஸ்டில் புரட்சி வெடித்தது. நவம்பர் 4-ஆம் நாள் சோவியத் டாங்கிகள் புகுந்து அதை அடக்கின. அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ 2,00,000 ஹங்கேரியர் எல்லையைத் தாண்டி மேற்கே ஓடினார்கள். அதற்கு மறு ஆண்டு, 1957-இல், யாவோர் எதிர்த் திசையில் பயணம் செய்து புடாபெஸ்ட் வந்து சேர்ந்தார். எல்லோரும் வெளியேறும் வாயிலில் ஒருவர் உள்ளே நுழைந்தார். அவருடைய செயலை அரசியலால் அளந்தவர்கள் உண்டு. அதனை அரசியலாக நாம் கருதவில்லை. நோய்கொண்ட ஒரு நடிகர் தம் மொழி ஒலிக்கும் இடத்துக்குத் திரும்பினார் என்றே கருதுகிறோம். அமெரிக்காவிலிருந்து செல்வத்தோடு திரும்பியவர் கதை அவர் நடித்த பழைய படத்தில்தான் இருந்தது. அவர் வெறுங்கையோடு வந்தார்.

அவர் காலத்தின் மற்றொரு பெருநடிகரை இங்கே நினைக்காதிருக்க முடியாது. பாகெர் அந்தல் போர்க்காலத்தில் தீவிர வலதுசாரிகளுக்குத் துணைநின்றவர். 1944-இல் நாட்டை விட்டுச் சென்று அர்ஜென்டினாவில் வாழ்ந்து, 1956-இல் புரட்சிக்குச் சற்று முன்பு திரும்பினார். அவருக்குக் காலம் முப்பது ஆண்டுகள் தந்தது. கோஸ்தோலானியின் நாவலைத் தழுவிய 'வானம்பாடி' என்னும் படத்தில் நடித்ததற்காக 1964-இல் கான் விழாவில் சிறந்த நடிகருக்கான பரிசில் பங்கு பெற்றார். 1986-இல் முதிர்ந்த வயதில் மறைந்தார். கொடியவர்களை எதிர்த்துச் சிறை சென்றவருக்கு ஈராண்டு; அவர்கள் பக்கம் நின்றவருக்கு முப்பது ஆண்டு. கலை வரலாற்றில் நீதி தேடுபவர் இங்கே ஏமாற்றமே அடைவர். பாகெரின் நடிப்பு உயர்ந்தது என்பதும் உண்மை. அவருடைய பழைய நிலை தாழ்ந்தது என்பதும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் தகாது.

யாவோர் புடாபெஸ்ட் மேடையில் மீண்டும் தோன்றினார். ஆனால் வயிற்றில் புற்றுநோய் முற்றியிருந்தது. 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள், 57-ஆம் வயதில் இறந்தார். ஃபர்கஷ்ரேத் இடுகாட்டில் நடந்த இறுதிச் சடங்குக்கு மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரைப் போகவிட்ட நகரம், அன்று அவரைப் பார்க்க முண்டியடித்தது.

அவரோடு நடித்தவர்களின் கதையும் அதே இடுகாட்டில் வந்து முடிகிறது. 'மரண வசந்தம்' படத்தின் நாயகி கராதி கதலின் 1944-இல் ஜெர்மானிய இரகசியப் போலீசாரிடம் சிக்கித் துன்புற்றவர். யூதக் குழந்தைகளைக் காத்ததற்காக, இறந்து பல ஆண்டுகள் கழித்து, 2004-இல் இஸ்ரேல் நாட்டின் நினைவு நிறுவனம் அவரைச் சிறப்பித்தது. 1951-இல் ஹங்கேரியை விட்டு வெளியேறி, பிரேசிலில் வாழ்ந்து, பின்னர் நியூயார்க்கில் தொப்பிக் கடை நடத்தினார். உயிரோடு இருந்தவரை அவர் திரும்பவேயில்லை. 1990-இல் இறந்தபின் அவருடைய உடல் புடாபெஸ்டுக்குக் கொண்டுவரப்பட்டது. கபோஷ் ட்யூலாவின் எச்சங்கள் 1996-இல் வந்து சேர்ந்தன. மூவரும் இன்று ஃபர்கஷ்ரேத்தில் உறங்குகின்றனர். மூவருள் உயிரோடு திரும்பியவர் யாவோர் ஒருவரே.

இரண்டாண்டுக் காலத்துக்காக, அதுவும் நோயோடு, திரும்பி வந்ததால் என்ன பயன் என்று நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். அவரும் நம்மைப்போல் ஊரை விட்டு வந்து, பணி ஓய்வுக்குப்பின் எங்கே குடியிருப்பது என்று முடிவு செய்ய இயலாமல் தவிப்பவர்தாம். உடனே விடை கூற நமக்குத் தோன்றவில்லை. நாம் நடிகரல்லோம், நம்முடைய பிழைப்பு எந்த ஊரிலும் நடக்கும். நம் பிள்ளைகள் இந்த ஊர் மொழியிலேயே சண்டையிட்டுக்கொள்கிறார்கள். இந்த ஊர் மொழியிலேயே கனவும் காண்கிறார்கள் போலும். எனவே யாவோரின் முடிவை எல்லோருக்கும் உரிய விதியாகக் கூற நாம் துணியமாட்டோம்.

ஆயினும் அந்தச் சிறு அரங்கில், மூதாட்டிக்குப் பின்னால் அமர்ந்து ஒவ்வொரு முறையும் ஒரு விநாடி தாமதமாகச் சிரித்ததை நாம் மறக்கவில்லை. அமெரிக்காவில் பத்தாண்டுக்கு மேல் யாவோரைச் சுற்றியிருந்த பெரும்பாலோர் அவருக்கு அந்தத் தாமதத்தையே தந்தார்கள். 1957-இல் புடாபெஸ்டில் மேடையேறியபோது அவருடைய குரல் தளர்ந்திருக்கலாம்; மீசை நரைத்திருக்கலாம். ஆனால் அவர் ஒரு சொல்லை விழுங்கினால், விழுங்கிய சொல் எது என்பதை அந்த அரங்கிலிருந்த எல்லோரும் அறிந்திருந்தார்கள். அங்கே அவர் மறுபடியும் யாவோர் பாலாக இருந்தார்.